சார்ம்: ஓதியதும் கட்டியதும்

கேள்வி: தியாகராய நகர் நகைக்கடை ஒன்றில், மீன், சாவி, இதயம் எனச் சிறு உருவங்கள் தொங்கும் கைச்சங்கிலியைக் காட்டி, அந்த உருவங்களுக்குச் ‘சார்ம்’ என்று பெயர் சொன்னார்கள். இனிமையாகப் பழகுகிறவரையும் ‘சார்மிங்’ என்கிறோம். அகராதியிலோ மந்திரம் என்றும் பொருள் இருக்கிறது. மூன்றும் ஒரே சொல்தானா?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: ஒரே சொல்தான், நீங்கள் கடைசியாகச் சொன்ன மந்திரமே அவற்றுள் மூத்த பொருள். இலத்தீனில் ‘கார்மென்’ என்பது பாட்டையும் செய்யுளையும் ஓதும் மந்திரத்தையும் ஒருங்கே குறித்தது. பாடுதலைக் குறிக்கும் ‘கனெரெ’ என்னும் வினையோடு அதை அறிஞர் பலரும் தொடர்புபடுத்துகின்றனர். ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் கவிதைகளுக்கும் அதுதான் பெயர், கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியப் பன்னிரு பலகைச் சட்டம் தீய மந்திரம் ஓதுவதைக் குற்றமாக்கியபோது ஆண்டதும் அதே சொல்தான். கவிதையையும் மந்திரத்தையும் அருகருகே வைத்த வழக்கம் நமக்கும் புதிதன்று. “நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப” என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்த இடம் செய்யுளியல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அச்சொல் மந்திரம் என்னும் பொருளையே சுமந்து வந்தது. ஓதுவதால் பிறர் மனம் கட்டுண்ணும் என்ற நம்பிக்கையிலிருந்து, எதையும் ஓதாமலே தம் பேச்சாலும் பண்பாலும் மனத்தைக் கட்டுகிறவரின் இயல்புக்கும் அது பெயராயிற்று. இன்னொரு பக்கம், மந்திரத்தின் ஆற்றல் ஏறியதாக நம்பி உடம்பில் கட்டிக்கொண்ட பொருளும் அப்பெயரைப் பெற்றது. கைச்சங்கிலியில் தொங்கும் அணி என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டது; விக்டோரியா அரசி அத்தகைய சங்கிலிகளை விரும்பி அணிந்ததால் அவை பெருவழக்காயின. காவல் என்ற எண்ணம் கழன்றுபோய், நகை மட்டும் நின்றுவிட்டது.

அந்த உருவத்துக்குத் தாயத்து என்று தமிழில் பெயர் சொன்னால் கடைக்காரர் விரும்பமாட்டார். ஆனால் பொருளின் வழி அதுதான். தாயத்து என்பதும் அரபு மொழியின் ‘தஅவீத்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் அடைக்கலம் தேடுதலைக் குறிக்கும். அச்சொல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்து படைகளின் உருவமைந்த ஐம்படைத்தாலியைத் தமிழர் குழந்தைகளுக்குக் காவலாக அணிவித்தனர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் தாலி களையாத இளம் பருவத்திலேயே போருக்கு வந்ததைப் புறநானூற்றின் 77-ஆம் பாடல் வியக்கிறது. சிறு உருவங்களைக் கோத்து அணிவது என்ற அளவில், நீங்கள் கண்ட சங்கிலிக்கு அதைவிட நெருங்கிய உறவு நம்மிடம் இல்லை.

மனிதரின் ‘சார்மு’க்கு எந்தச் சொல்லை ஆளலாம் என்றால், நான் வசீகரத்தையே பரிந்துரைப்பேன். வசியமும் வசீகரமும் வடமொழியின் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றாலும், முன்னது மாந்திரிகரிடமும் பின்னது நல்ல மனிதரிடமும் தங்கிவிட்டன. கவர்ச்சியும் நல்ல சொல்தான். சினிமா விளம்பரங்கள் அதைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு, மதிப்புக்குரிய ஒரு பேராசிரியரைக் கவர்ச்சியானவர் என்று எழுதக் கை கூசுகிறது.

கேள்வி: இயற்பியலில் ‘சார்ம் குவார்க்’ என்கிறார்களே, அதில் என்ன வசீகரம்?
– கல்லூரி மாணவர், குரோம்பேட்டை, சென்னை

பதில்: குவார்க் என்பது புரோட்டான், நியூட்ரான் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகள். அத்துகளின் தன்மைக்கும் ‘சார்ம்’ என்ற பெயருக்கும் தொடர்பில்லை. மூன்று வகைக் குவார்க்குகள் மட்டுமே பேசப்பட்ட 1964-இல், நான்காவது ஒன்று இருந்தால் கோட்பாட்டில் சமச்சீர் அமையும் என்று கருதிய ஷெல்டன் கிளாஷோவும் ஜேம்ஸ் பியோர்கெனும், அந்த அழகில் மகிழ்ந்து இப்பெயரை இட்டனர். 1970-இல் கிளாஷோ, இலியோபவுலோஸ், மையானி ஆகியோர், சில துகள் சிதைவுகள் எதிர்பார்த்த அளவுக்கு நிகழாததை அந்த நான்காவது குவார்க்கைக் கொண்டு விளக்கினர். 1974 நவம்பரில் சாமுவேல் டிங்கின் குழுவும் பர்ட்டன் ரிக்டரின் குழுவும் தனித்தனியே கண்டறிந்த துகள் ஒன்று, சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இணைந்தது என்று தெளிவாயிற்று. இருவருக்கும் 1976-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.