மண்டபத்துக்கு நடுவே ஒரு தூண்

அன்புள்ள ஐயா,

பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பன்னிரண்டு மாடியில் ஒரு ஹோட்டல் எழும்புகிறது. வெளியே வைத்த ஃப்ளெக்ஸ் படம் இரண்டு வருடத்தில் மூன்று முறை மாறிவிட்டது. முதலில் வெறும் கண்ணாடிப் பெட்டி. அப்புறம் அதன் காலடியில் அகலமாய் ஒரு பீடம் முளைத்தது. இப்போது மாடிக்கு மாடி செடி தொங்குகிறது. மனசு நிலையில்லாதது முதலாளிக்கா, ஆர்கிடெக்டுக்கா?

மு., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மு.,

இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள். எனக்குச் சந்தேகம் கல்யாண மண்டபத்தின் மேல்தான்.

உயரமான ஹோட்டலின் கணக்கு அறையில் தொடங்குகிறது. ஓர் அறை சுமார் நான்கு மீட்டர் அகலம். நடுவே நடை, இருபுறமும் அறைகள். அடுத்தடுத்த அறைகளின் குளியலறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். இடையிலுள்ள ஒரே குழாய்ச் சந்தில் இரண்டுக்கும் தண்ணீர் ஏறும், கழிவு இறங்கும். 1908-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹோட்டல் முதலாளி ஸ்டாட்லர் அறைக்கு அறை குளியலறை கொடுக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். (சித்தூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறேன். சந்தும் கிடையாது, ஒற்றைச் செங்கல் சுவர். அடுத்த அறைக்காரர் விடிகாலையில் வாளி நிரப்பியது என் தலைமாட்டிலேயே கேட்டது.)

ஆக, இரண்டு அறைக்கு ஒரு தூண் வீதம், எட்டு மீட்டர் இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை தூண்கள் இறங்கும். அறையில் அவை சுவருக்குள் ஒளிந்துகொள்ளும். மண்டபத்தில் எங்கே ஒளிய? மணமேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே வந்து நிற்கும். நம் பக்கம் பெரிய கல்யாண ஆடிட்டோரியம் இல்லாமல் ஹோட்டல் கட்டினால் கட்டுப்படியாகாது. ஒன்று, ராட்சச விட்டம் போட்டு மேல்மாடிகளின் பாரத்தை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், காசு கரையும். இல்லையென்றால் மண்டபத்தைக் கோபுரத்தின் அடியிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும். நீங்கள் பார்த்த பீடம் அதுவாகத்தான் இருக்கும். கோபன்ஹேகனில் ஆர்னே யாகோப்சன் வடிவமைத்து 1960-இல் திறந்த எஸ்ஏஎஸ் ஹோட்டலும் இதே உருவம்தான்: கீழே தட்டையாய் ஒரு கட்டடம், அதன் மேல் மெலிந்த கோபுரம்.

அந்த நடை இருக்கிறதே, ஹோட்டலிலேயே யாருக்கும் பிடிக்காத இடம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஆர்கிடெக்ட் ஜான் போர்ட்மன் 1967-இல் திறந்த ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் அறைகளைச் சுற்றிலும் நிறுத்தி, நடுவே 22 மாடி உயரத்துக்கு, மேலே கூரை மூடிய வெற்றிடம் விட்டார். கதவைத் திறந்தால் பால்கனி, எதிரே கண்ணாடி லிஃப்ட். நம் நாலுகெட்டு வீட்டின் நடுமுற்றம்தானே என்பார்கள். எனக்கு ஒப்புதலில்லை. நடுமுற்றத்தில் மழை விழும்.

சரி, செடி. சிங்கப்பூரில் 2016-இல் திறந்த ஒயேசியா ஹோட்டல் டவுன்டவுன் 27 மாடி. வோஹா என்ற ஆர்கிடெக்ட் நிறுவனம் அதற்குச் சிவப்பு அலுமினிய வலை போர்த்திக் கொடிகளை ஏற்றிவிட்டது. இடையிடையே பெரிய மாடித் தோட்டங்கள், பக்கவாட்டில் திறந்தே கிடக்கின்றன. காற்று குறுக்கே புகுந்து போகும், அங்கே ஏசி வேண்டாம். கணவாய்க் காற்றுள்ள பாலக்காட்டுக்கு இது தோதான யோசனை. ஆனால் தை மாதத்து வறண்ட கிழக்குக் காற்று எங்கள் வீட்டு வெற்றிலைக் கொடியையே சுருட்டிவிடுகிறது. பத்தாவது மாடிச் செடிக்குத் தண்ணீர்க் குழாயும், ஆள் நின்று கத்தரிக்க இடமும் படத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் நான்காவது ஃப்ளெக்ஸ் வரும்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பாலக்காடு வருகிறேன். ஸ்டாண்டில் ஒரு சாயா குடித்துவிட்டு, வேலி இடுக்கு வழியே தூண்கள் எங்கே இறங்கியிருக்கின்றன என்று பார்த்துவிடுவோம்.