தார் போன்ற கருப்பு மலம்: திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

வணக்கம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் இதயத்திற்கு ஆஸ்பிரினும் உட்கொள்ளும் உங்கள் தந்தைக்கு நேற்றிலிருந்து தார் போன்ற கருப்பு மலம் போவதாகவும், எழுந்தால் தலைசுற்றுவதாகவும் எழுதி, ஹீமோகுளோபின் 11 இருப்பதால் திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்கவே கூடாது; இது வயிற்றுக்குள் இரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம், இப்போதே 108-ஐ அழையுங்கள்.

இரத்தக்கசிவின் தொடக்க மணிநேரங்களில் ஹீமோகுளோபின் அதிகம் குறையாமலே இருக்கக்கூடும் என்பதால், அந்த எண்ணைவிட அவருடைய தலைசுற்றலே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உணவோ அல்சர் சிரப்போ கொடுக்காதீர்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டைக்ளோஃபெனாக்கை உடனே நிறுத்திவிடுங்கள், ஆனால் ஆஸ்பிரினைப் பற்றி, குறிப்பாக இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருந்தால், மருத்துவரே முடிவு செய்யட்டும்.

முதலில் நரம்பு வழியாகத் திரவமும், தேவைப்பட்டால் இரத்தமும் ஏற்றி, உடல்நிலை சீரானபின் 24 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை வாய்வழியாகச் செலுத்தி வயிற்றைப் பார்க்கும் சோதனை) செய்வதே முறை. ஆகவே அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கே, மாத்திரை அட்டைகளுடன் அழைத்துச் செல்லுங்கள்.