95.5 நின்றுபோன பிறகு: சொந்தமாக ஓர் இணைய வானொலி தொடங்கலாமா?

கேள்வி: சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் இருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காலையில் காரில் 95.5 எஃப்.எம்.தான். காலை நிகழ்ச்சி நடத்திய ராம்சி லூயிஸின் குரலும் ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான ஜாஸ் இசையும் இல்லாமல் வேலைக்குப் போன நாள் குறைவு. 2009இல் நிலையம் போனது, 2022இல் அவரும் போய்விட்டார். இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் 400 சிடிக்கள் இருக்கின்றன. அந்த மாதிரி ஒரு வானொலியை இணையத்தில் நானே தொடங்க முடியுமா? எவ்வளவு செலவாகும், சட்டச் சிக்கல் வருமா? சென்னையில் இருக்கும் அக்காவும் கேட்க வேண்டும் என்று ஆசை.

பதில்: முடியும். சிடிக்களைச் சொல்வதற்கு முன்பே ராம்சி லூயிஸின் குரலைச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

அவர் தொழில்முறை அறிவிப்பாளராக மட்டும் வந்தவர் இல்லை. 1965இலேயே பியானோவில் பெரிய வெற்றி கண்டவர். பிற்பாடு எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவைத் தொடங்கிய மாரிஸ் ஒயிட் அதற்கு முன் டிரம்ஸ் வாசித்தது இவருடைய மூவர் குழுவில்தான். அப்படிப்பட்டவர் காலை ஏழு மணிக்கு ஒரு பாட்டை அறிமுகப்படுத்தினால், ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து வாசித்த ஒருவரின் வார்த்தையாக அது இருந்தது. பாட்டுகள் இன்று எந்தச் செயலியிலும் கிடைக்கின்றன. உங்களுக்குக் கிடைக்காமல் போனது கூடவே வந்த ஆள். ஆகவே என் முதல் ஆலோசனை: 24 மணி நேரமும் பாட்டு ஓடும் நிலையத்தைப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம். உங்கள் குரல் இருக்கும் ஒரு மணி நேரத்தோடு தொடங்குங்கள். பணக் கணக்கும் இதற்குத்தான் சாதகமாக இருக்கிறது.

95.5இல் ஸ்மூத் ஜாஸ் 1987 முதல் 2009 மே 22 வரை ஒலித்தது, பிறகு ஸ்பானிய மொழி நிலையமாக மாறியது. நியூயார்க்கின் 101.9 அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டது. சான் பிரான்சிஸ்கோவின் 103.7 அதே 2009 மே மாதம் போனது. நேயர்களுக்குப் பாட்டு சலித்துப்போனதால் இது நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் பெரிய நகரங்களில் நேயர்களை எண்ணும் முறை மாறியது. முன்பெல்லாம் நேயர்களே ஒரு டைரியில் கேட்ட நிலையத்தை எழுதுவார்கள். பிடித்த நிலையத்தின் பெயரைத் தாராளமாக எழுதுவது இயல்பு. 2007 முதல் இடுப்பில் மாட்டும் பேஜர் போன்ற கருவி வந்தது. ஒலியில் மறைந்திருக்கும் குறியீட்டைப் பிடித்து, காதில் விழுந்ததை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. ஸ்மூத் ஜாஸின் எண்கள் சரிந்தன. இளையவர்களைத் தேடும் விளம்பரதாரர்களும் விலகினார்கள்.

இணையத்தில் அந்தக் கணக்கு உங்களைத் தொடாது, வேறொரு கணக்கு தொடும். அமெரிக்காவில் எஃப்.எம். நிலையம் பாட்டை இயற்றியவருக்கு ராயல்டி கொடுக்கிறது, ஒலிப்பதிவின் கலைஞருக்கும் நிறுவனத்துக்கும் கொடுப்பதில்லை. இணைய வானொலி இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். இயற்றியவர்களுக்கு ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற சங்கங்கள் வழியாக, ஒலிப்பதிவுக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற வசூல் அமைப்பு வழியாக. இந்த இரண்டாவது கட்டணம் ஒரு நேயருக்கு ஒரு பாட்டு என்ற கணக்கில் ஏறும்.

விளம்பரத்தில் இயங்கும் இலவச நிலையத்துக்கு 2021இல் அந்த விகிதம் 0.0021 டாலர். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். மணிக்கு 12 பாட்டு, எந்நேரமும் சராசரியாக 100 நேயர்கள், 30 நாள் என்று பெருக்கிப் பாருங்கள். 8,64,000 ஒலிபரப்புகள், மாதம் 1814 டாலர். அதே விகிதத்தில் தினம் ஒரு மணி நேரம் மட்டும், 20 நேயர்கள் என்றால் மாதம் சுமார் 15 டாலர்தான். ஆனால் 2021 முதல் 2025 வரை சேனலுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 1000 டாலர் என்று இருந்தது. உங்கள் 15 டாலர் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விகிதம் மாறுகிறது, 2026 முதல் புதிய சுற்று. பணம் கட்டும் நாளில் நடப்பில் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. விளம்பரம் போடவில்லை, அதனால் நான் வணிக நோக்கற்றவன் என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டணக் கணக்கில் அப்படிச் சேர, வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், அல்லது அதற்கு முறையாக விண்ணப்பித்திருக்க வேண்டும். உங்கள் நல்ல மனசு மட்டும் அதற்குப் போதாது.

இவ்வளவு கணக்கையும் தனியாக வைத்துக்கொள்வது சுமை. லைவ்365 போன்ற சேவைகள் மாதக் கட்டணத்தில் சர்வரையும் உரிமங்களையும் சேர்த்தே கொடுக்கின்றன. தனி ஆளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழிதான். ஆனால் சிறிய நிலையங்களுக்கு இருந்த சலுகைக் கட்டணம் 2015 முடிவில் காலாவதியானபோது, 2016 ஜனவரி இறுதியில் லைவ்365 சேவையே நின்றுபோனது. ஆயிரக்கணக்கான சிறு நிலையங்கள் ஒரே நாளில் ஊமையாயின. புதிய உரிமையாளரிடம் 2017இல் மீண்டும் வந்தது. அதனால் நிலையத்தின் இணைய முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். பாட்டுக் கோப்புகளும் நேயர்களின் மின்னஞ்சல்களும் உங்கள் கையில் இருக்கட்டும். சேவை மாறினாலும் நேயர் உங்களைத் தேடி அலையக் கூடாது.

ஒவ்வொரு உரிமையாளரையும் தனித்தனியாகக் கேட்காமல், சவுண்ட்எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் கட்டிப் போட அனுமதிப்பது சட்டபூர்வ உரிமம். அதில் வேறு சில விதிகளும் உண்டு. மூன்று மணி நேரத்தில் ஒரே கலைஞரின் பாட்டு நான்குக்கு மேல் போகக் கூடாது, தொடர்ச்சியாக மூன்றுதான். ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று, தொடர்ச்சியாக இரண்டு. செப்டம்பர் 12, ராம்சி லூயிஸின் நினைவு நாளில் நாள் முழுக்க அவரையே போடலாம் என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றும். அது கூடாது. மணிக்கு ஒரு பாட்டாக அவரை வைத்து, நடுவே அவரோடு வாசித்தவர்களையும் அவர் வழியில் வந்தவர்களையும் போட்டுப் பேசுங்கள். என்னைக் கேட்டால் நிகழ்ச்சியாகவும் அதுதான் நன்றாக இருக்கும். பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடக் கூடாது. ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பாட்டோடு பதிவு செய்து, வேண்டும்போது கேட்கும்படி வைக்கவும் இந்த உரிமம் இடம் தராது. பழைய நிலையத்தின் பெயரையும், அவருடைய பழைய ஒலிபரப்புப் பதிவுகளையும் தொட வேண்டாம். உங்களிடம் கேசட்டில் இருந்தால் பத்திரமாக வைத்துக் கேளுங்கள்.

அக்கா விஷயம். அமெரிக்க உரிமம் அமெரிக்காவுக்கு மட்டும்தான். சேவைகள் இன்னும் சில நாடுகளைச் சேர்த்துத் தரலாம், பட்டியலைப் பாருங்கள். இந்தியாவில் வானொலிக்கென்று பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவில் ஒரு சட்டபூர்வ உரிமம் உண்டு. அது இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. அதனால் இந்தியாவுக்குத் தனி அனுமதி வேண்டும். ஸ்மூத் ஜாஸில் இன்று சொந்தமாகவே எழுதி, வாசித்து, வெளியிடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். பாட்டும் பதிவும் அவருடையதே என்றால் எழுதிக் கேளுங்கள். அவர் சேர்ந்திருக்கும் சங்கம் அதை அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் அனுமதி வந்த பாட்டுகளை மட்டும் கோத்து அக்காவுக்கென்று ஒரு நிகழ்ச்சி செய்யலாம்.

கருவிகளுக்கு அதிகம் வேண்டாம். ஒரு கணினி, ஒரு டைனமிக் மைக், ஒலியை அனுப்ப பட் (butt) என்ற இலவச மென்பொருள். சொந்த சர்வர் வைக்கும் நாள் வந்தால் அசுராகாஸ்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். ஒலித்தரம் 128 கேபிபிஎஸ் போதும், ஒரு நேயருக்கு மணிக்குச் சுமார் 58 எம்பி டேட்டா ஆகும். சிடிக்களைத் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுத்து, கலைஞர், பாட்டு, ஆல்பம் மூன்றையும் சரியாகக் குறியுங்கள். நேயரின் திரையில் அவை தெரிய வேண்டும் என்பதும் விதி.

நேரம் செலவிட வேண்டியது வேறொன்றில். இந்த இசையில் பல பாட்டுகள் முடிவதில்லை, மெல்லத் தேய்கின்றன. குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் சாக்சபோன் தேய்ந்துகொண்டே போகும்போது கடைசிச் சில விநாடிகளில்தான் மனிதர் மிக அழகாக வாசித்துக்கொண்டிருப்பார். மென்பொருளின் தானியங்கி இணைப்பு ஐந்து விநாடிக்கு முன்பே அடுத்த பாட்டின் டிரம்ஸை அதன் மேல் கொண்டுவந்து போடும். அதை அணைத்துவிட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் முடியும் இடத்தைக் காதால் கேட்டுக் குறியுங்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஒரு மாலையில் நான் முப்பது பாட்டுக்கு மேல் செய்ததில்லை, அதற்கு மேல் காது ஏமாற்றும். அப்புறம், இரண்டு மூன்று வாத்திய இசைக்கு ஒரு குரல் பாட்டு என்று வையுங்கள். பாடகிகள் ஷாடேயோ அனிதா பேக்கரோ வரும்போது, சமையலறையில் இருப்பவர் ஒரு நிமிடம் நின்று கேட்பார்.

பேசும்போது மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். எதிர் இருக்கையில் இருப்பவரிடம் பேசும் அளவுக்குக் குரல் போதும். சாக்சபோன் நுழையும் முன் பேச்சை முடித்துவிடுங்கள்.

இந்த வாரமே பன்னிரண்டு பாட்டு எடுங்கள். மூன்று இடத்தில் பேசுங்கள். முதல் பேச்சு, 95.5 கேட்டுக்கொண்டு வேலைக்குப் போன ஏதாவது ஒரு காலையைப் பற்றி இருக்கட்டும். இன்னும் எங்கும் ஒலிபரப்ப வேண்டாம். பதிவு செய்து, அதே பழைய சாலையில் காரை ஓட்டிக்கொண்டே கேளுங்கள். கை எந்த இடத்தில் ஒலியைக் குறைக்கப் போகிறதோ, அங்கே திருத்திவிட்டு மறுநாள் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.