ஓஸ்தியா அந்திகா: போகும் முன் கேட்டவை

ரோமுக்குப் பக்கத்தில் உள்ள பழைய துறைமுக நகரம் ஓஸ்தியா. அங்கே போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, மூன்று முறை போய்வந்தவள் என்ற முறையில் என் பதில்கள்.

கே: ரோமில் மூன்று நாள்தான் இருப்போம், அக்கா. ஓஸ்தியாவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா? எப்படிப் போவது?

ப: தாராளமாக ஒதுக்குங்கள். பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டியே போர்த்தா சான் பாவோலோ ரயில் நிலையம். அங்கே ஏறினால் சுமார் அரை மணி நேரம். மெட்ரோவுக்கு வாங்கும் சாதாரண டிக்கெட்டே போதும். ஓஸ்தியா திங்கட்கிழமை மூடியிருக்கும்.

கே: துறைமுகம் என்கிறீர்கள், படத்தில் கடலையே காணோமே?

ப: டைபர் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை வளர்ந்து, கடல் சில கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. 1557 வெள்ளத்தில் ஆறும் தடம் மாறியது. பெரிய கப்பல்களுக்கு ஆற்றுமுகம் வசதிப்படாததால், பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42-ல் வடக்கே போர்ட்டஸ் என்ற புதுத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார். பொம்பேயி மாதிரி ஓஸ்தியா ஒரே நாளில் எரிமலைச் சாம்பலில் புதையவில்லை. மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போன ஊர்.

கே: ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால்?

ப: யோசிக்கவே வேண்டாம், நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கும் வணிகர் சதுக்கம். சுற்றிலும் சுமார் 60 சிறு அறைகள். அவற்றின் முன்னே தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த படங்கள்: கப்பல், கலங்கரை விளக்கம், டால்பின். ஓர் இடத்தில் யானை நிற்கிறது. இன்றைய லிபியாவில் உள்ள சப்ரதா ஊர் வணிகர்களின் இடம் அது. எனக்குப் பிடித்தது வேறொன்று. ஓர் ஆள் தோளில் ஜாடியோடு கடல் கப்பலிலிருந்து ஆற்றுப் படகுக்கு மாறுகிறான். ரோமுக்குச் சரக்கு போன விதம் முழுக்க அந்த ஒரு படத்தில் இருக்கிறது. அவசரப்படாமல் குனிந்து பாருங்கள்.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

ப: பிரதான வீதியே ஒரு கிலோமீட்டருக்கு மேல். பாவியிருக்கும் கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், நிழலும் குறைவு. நல்ல ஷூ, தொப்பி, தண்ணீர் எல்லாம் அவசியம். அரங்கைப் பார்த்துவிட்டு, முடிந்தால் தியானா தெருவில் உள்ள அந்தக் காலத்துச் சாப்பாட்டுக் கடை வரை அழைத்துப் போங்கள். பளிங்குக் கல்லாமேடை அப்படியே இருக்கிறது. அதன் பின்சுவரில் அன்றைக்கு விற்ற பண்டங்களை வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். கடைக்குள்ளேயே உட்கார ஒரு கல் திண்ணையும் உண்டு.