வலது பக்கத் தமனியும் கட்டன் சாயாவும்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். இரண்டு வருடமாக ஒரு பக்கத் தலைவலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், சில நாள் வாந்தி. நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ.யும் மூளை ரத்தக்குழாய் ஸ்கேனும் எடுத்தோம். மூளை இயல்பாக இருக்கிறது, ரத்தக்குழாயில் அடைப்போ வீக்கமோ இல்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் ‘வலது பிசிஏ, ஃபீட்டல் ஆரிஜின்’ என்று குறித்திருக்கிறார்கள். கருவிலேயே வந்த கோளாறு என்கிறார் உறவினர் ஒருவர். ஆபரேஷன் தேவையா? பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: ஆபரேஷன் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஸ்கேனும் வேண்டாம். அந்த உறவினரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மூளைக்கு நான்கு தமனிகள் ஏறுகின்றன. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட். பின்பக்கம், கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறும் இரண்டு வெர்டிப்ரல். பின்னவை இரண்டும் சேர்ந்து பேசிலார் என்ற ஒரே தமனியாகி, மேலே போய் இரு கிளைகளாகப் பிரியும். அந்தக் கிளைகள்தான் பிசிஏ, பின் பெருமூளைத் தமனிகள். பார்வைக்கான மூளைப் பகுதிக்கு ரத்தம் தருபவை. முன்னும் பின்னும் சிறு இணைப்புகளால் கோக்கப்பட்ட இந்த வளையத்தை 1664-ல் விளக்கமாக எழுதிய தாமஸ் வில்லிஸின் பெயராலேயே அதை இன்றும் அழைக்கிறோம். பாடநூல் படத்தில் இருப்பதுபோல எல்லாத் துண்டுகளும் சமமாக அமைந்த வளையம் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை. மாணவனாக இருந்தபோது உடற்கூறு மேசையில் படத்தையும் மூளையையும் மாற்றி மாற்றிப் பார்த்து விழித்தவர்களில் நானும் ஒருவன்.

காரணம் கருவில் இருக்கிறது. நான்காவது வாரத்தில், கரு அரை சென்டிமீட்டர்கூட நீளமில்லாதபோது, வெர்டிப்ரல் தமனிகள் இன்னும் உருவாகியிருக்காது. பின் மூளைக்கும் கரோட்டிட்தான் தற்காலிகக் கிளைகள் மூலம் ரத்தம் அனுப்புகிறது. அடுத்த வாரங்களில் கழுத்தின் சிறு தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து வெர்டிப்ரல் ஆகின்றன; தற்காலிகக் கிளைகள் மறைகின்றன. ஆனால் பிசிஏ மட்டும் கரோட்டிட்டின் கையை உடனே விடுவதில்லை. பேசிலார் பக்கத்து வழியில் ஓட்டம் கூடக் கூட, அது பருத்து, கரோட்டிட் பக்கத்து இணைப்பு மெலிகிறது. சிலருக்கு அந்த மாற்றம் நடப்பதில்லை. பழைய வழியே பெரிதாக நின்றுவிடுகிறது. உங்கள் கணவரின் வலது பக்கத்தில் நடந்தது அவ்வளவுதான். ‘ஃபீட்டல் ஆரிஜின்’, அதாவது கருவில் இருந்த வழியிலிருந்தே கிளம்புவது என்று ரிப்போர்ட் சொல்வதும் இதைத்தான்.

புதுக் கால்வாய் வந்த பிறகும் பழைய ஓடையிலிருந்தே தண்ணீர் வாங்கும் குளங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. குளம் நிறைந்தால் விவசாயிக்கு வேறு கவலை இல்லை. இந்த அமைப்பு அபூர்வமும் அல்ல. சுமார் பத்தில் ஒருவருக்காவது ஏதோ ஒரு பக்கம் இருக்கிறது.

அப்படியானால் தலைவலி? நீங்கள் எழுதியிருப்பது மைக்ரேன்போலத்தான் தெரிகிறது. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரு கட்டன் சாயாவோடு (பால் விடாத டீ) வெட்டுக்குப் போகிறவரா? அரைத் தூக்கமும் பசியும் மைக்ரேனைக் கிளப்ப வல்லவை. இரவு எட்டரைக்கே படுக்கட்டும். போகும்போது இரண்டு பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். வலி வந்த நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரை மாதத்தில் பத்து நாளைத் தாண்டினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலி அடிக்கடி வந்தால், வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ரிப்போர்ட்டின் அந்த வரிக்கு ஒரே ஒரு பயன் உண்டு. வலது பார்வைப் பகுதியும் வலது கரோட்டிட்டையே நம்பியிருப்பதால், அந்தத் தமனியில் அடைப்பு வந்தால் பாதிப்பு பின்பக்கமும் பரவலாம். ஆகவே பீடி இருந்தால் இன்றே நிற்கட்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பைப் பாருங்கள். வாய் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீரெனப் பார்வை மங்கல், இதுவரை அறியாத வேகத்தில் வெடிக்கும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. குலசேகரத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போகும் நேரமும் அதற்குள் அடக்கம்.

பிற்காலத்தில் கழுத்திலோ மூளையிலோ எந்தச் சிகிச்சை என்றாலும் இந்த ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள். ஸ்கேன் சி.டி.யையும் சேர்த்து ரேஷன் கார்டோடு வையுங்கள்.