பெஞ்சுல உக்காந்த கோலி

கேள்வி (கீழக்கரை வாசகர்): அண்ணே, எங்க ஃபுட்பால் டீம்ல நான் ரெண்டாவது கோலி (கோல் கீப்பர்). மூணு வருஷத்துல எறங்குனது ரெண்டே மேட்ச். பின்னால கோச் ஆகணும்னு ஆசை, சொன்னா பசங்க "நின்ன எடத்துலயே நிக்கிறவனுக்கு என்னடா ஆட்டம் தெரியும்"ங்குறாங்க. ஸ்பெயின் லோபெதேகி கோலியா இருந்து கோச் ஆனவராமே, அவரப் பத்தி சொல்லுங்கண்ணே.

பதில்: தம்பி, உன் கேள்விக்கு அவரவிட பொருத்தமான ஆளு கெடையாது. ஹூலென் லோபெதேகி, 1966ல ஸ்பெயின் வடக்குல இருக்குற பாஸ்க் நாட்டுல அஸ்தேயாசுங்குற சின்ன ஊர்ல பொறந்தவரு. நம்ம பக்கம் கோயில் மந்தையில இளவட்டக்கல்லு கெடக்கும்ல, அந்த மாதிரி பெரிய கல்ல தூக்குறது அங்க ஒரு போட்டியாவே நடக்கும், அவங்கப்பா அதுல பேர் போன ஆளு. மகன் கோல் போஸ்டுக்குள்ள போயிட்டாரு. ரியல் மாட்ரிட் கிளப்புல இருந்தாரு, லீக்ல கெடச்சது ஒரே ஒரு மேட்ச். பார்சிலோனாவுல மூணு சீசன், அங்கயும் பெரும்பாலும் பெஞ்சுதான். லோக்ரோனியேஸ் மாதிரி சின்ன கிளப்புலதான் ஒழுங்கா நின்னு ஆட முடிஞ்சது. ஸ்பெயினுக்கு 1994ல ஒரே மேட்ச், அதுவும் பாதியில மாத்தாளா எறங்குனது, அந்த வருஷ உலகக் கோப்பைக்கு கூட்டிட்டுப் போனாங்க ஆனா ஆடவிடல.

கோச்சா 2003ல ராயோ வயேகானோவுல ஆரம்பிச்சாரு, சில மாசத்துலயே அனுப்பிட்டாங்க. அப்புறம் ஸ்பெயின் சின்னப் பசங்க டீம எடுத்து 2012ல 19 வயசுக்குட்பட்ட ஐரோப்பா கப்பு, 2013ல 21 வயசுக்குட்பட்ட கப்பு, அடுத்தடுத்து ரெண்டும் அடிச்சாரு.

நீ கண்டிப்பா பாக்க வேண்டியது 2020 யூரோப்பா லீக் (ஐரோப்பா கிளப்புகளோட போட்டி) ஃபைனல், அவரு கோச்சா இருந்த செவியாவும் இன்டர் மிலானும், ஜெர்மனி கொலோன்ல. செவியா 3-2. அதுல ரெண்டு கோலு ஃப்ரீ கிக்குல இருந்து வந்தது. கோலி வெளிய வரவா உள்ளயே நிக்கவான்னு ஒரு நொடி தயங்குவான் பாரு, சரியா அந்த எடத்துல விழுற பந்து. கச்சான் காத்து அடிக்கிறப்ப கடற்கரையில ரெண்டு துடுப்ப நட்டு கோல் போஸ்ட்டாக்கி ஆடியிருந்தா அந்தத் தயக்கம் உனக்கே தெரியும், தூரத்துல ஒரு மாதிரி வந்த பந்து கிட்ட வந்ததும் காத்துல வேற பக்கம் திரும்பிரும். எந்தப் பந்து கோலிய கலங்கடிக்கும்னு கோலியா நின்னவனுக்குத்தான்யா தெரியும், இதுதான் என் அபிப்பிராயம். விசில் ஊதுனதும் அந்த மனுசன் கொழந்த மாதிரி அழுதாரு.

கேள்வி (மண்டபம் வாசகர்): 2018 உலகக் கோப்பைக்கு முந்தின நாள் லோபெதேகிய ஸ்பெயின் கோச் வேலையில இருந்து தூக்குனது சரியாண்ணே?

பதில்: அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. ஜூன் 13. 61 நாள் மீன்பிடி தடைக்காலம் முடியப்போவுது, உங்க மண்டபம் படகுத் துறையிலதான் நின்னேன், விசைப்படகுல ஐஸ் ஏத்துறாங்க, ஒருத்தர் வலை பொத்துக்கிட்டே போன்ல நியூஸ் பாத்துட்டு "கடலுக்குப் போற அன்னைக்கி யாராச்சும் டிரைவர மாத்துவாங்களா"ன்னாரு. எனக்கும் அதேதான். அவரு கைல ஸ்பெயின் 20 மேட்ச் ஆடி ஒண்ணுகூட தோக்கல. முந்தின நாளு ரியல் மாட்ரிட் எங்க அடுத்த கோச் இவருதான்னு அறிவிச்சிருச்சு, ஸ்பெயின் சங்கத்துக்கு கடைசி நேரத்துலதான் விசயமே தெரியும், தலைவர் ரூபியாலெஸ் கோவத்துல அனுப்பிட்டாரு. முன்னாடியே சொல்லாதது லோபெதேகி தப்புதான், மறுக்கல. ஆனா தண்டனைய அனுபவிச்சது பசங்க. பழைய ஸ்பெயின் ஆட்டக்காரர் ஹியர்ரோ அவசரமா பொறுப்பெடுத்தாரு, ரஷ்யாகிட்ட பெனால்டில தோத்து ரெண்டாவது ரவுண்டுலயே வீடு திரும்புனாங்க. ரியல் மாட்ரிட்டும் இவர அக்டோபர் வரைக்கும்தான் வச்சிருந்துச்சு, பார்சிலோனாகிட்ட 5-1 வாங்குனதும் முடிஞ்சது.

கேள்வி (தொண்டி வாசகர், தோஹாவுல இருந்து): இப்ப நாங்க இருக்குற ஊருக்கே கோச்சா வந்துட்டாரே, பாத்தீங்களா?

பதில்: பாக்காம இருப்பேனா! நடுவுல இங்கிலாந்துல உல்வ்ஸ் கிளப்பு லீக்ல கடைசி எடத்துல கெடந்தப்ப எடுத்து 13வது எடத்துக்கு ஏத்துனாரு, வெஸ்ட் ஹாம்ல சரியா அமையல, 2025 மே மாசம் கத்தார் வந்தாரு. அக்டோபர் 14 அமீரகத்த 2-1 ஜெயிச்சு 2026 உலகக் கோப்பைக்கு தகுதி. 2022ல நடத்துற நாடுங்குறதால உள்ள வந்தவங்க இந்தத் தடவ ஆடியே உள்ள போறாங்க. ரெண்டு கோலும் கத்தார் ஆட்டக்காரர் அக்ரம் அஃபிஃப் போட்ட பந்த தலையால முட்டுனது, மேல கீழக்கரை தம்பிக்கு சொன்ன அதே மாதிரி பந்து. அன்னைக்கி ஸ்டேடியத்துல இருந்திருந்தீங்கன்னா எப்படி இருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறேன்.