அப்பா திறந்த கல்யாணப் பத்திரிகை: இணையம் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

செந்தூல் வாசகி: தெரிந்தவர் எண்ணிலிருந்தே அப்பாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ‘கல்யாணப் பத்திரிகை’ என்று ஓர் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, வந்தது. அதைத் திறந்து நிறுவியும் விட்டார். பணம் இன்னும் போகவில்லை. இப்போது என்ன செய்வது? வங்கிதான் குறுஞ்செய்தியில் ஓடிபி (ஒருமுறைக் கடவு எண்) அனுப்புவதை நிறுத்திவிட்டதே, அப்படியிருந்தும் பணம் எப்படிப் போகிறது? போய்விட்டால் ‘நீங்கள்தானே அழுத்தினீர்கள்’ என்று வங்கி கைவிரித்துவிடாதா?

பதில்: முதல் வேலை, அந்தக் கைப்பேசியின் தொடர்பைத் துண்டிப்பது. ஏர்பிளேன் மோடு போட்டால் மட்டும் போதாது. சில கைப்பேசிகளில் அதற்குப் பிறகும் வைஃபை ஓடிக்கொண்டிருக்கும். அதையும் அணையுங்கள். குழப்பமாக இருந்தால் கைப்பேசியையே அணைத்து வையுங்கள். அடுத்து, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் 24 மணி நேர மோசடிப் புகார் எண்ணை அழைத்து, இணைய வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 997க்கும் உடனே அழைக்க வேண்டும். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. திருடுபோன பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வழிமறிக்க முடிந்தால்தான் உண்டு.

‘பணம் இருக்கிறதா, ஒரு தடவை பார்த்துவிடுவோம்’ என்று அதே கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறக்கவே கூடாது. பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். திரையை மறுமுனையில் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால், கடவுச்சொல்லை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஒரு கணக்குக்கு ஒரே கருவி என்ற கட்டுப்பாடும் அப்போது வந்ததுதான். நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தப் போலிச் செயலி கேட்கும் அனுமதிகளில் ‘அணுகல்தன்மை’ என்று ஒன்று இருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, திரையைப் படித்துக்காட்டவும் அவர்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் உருவாக்கப்பட்ட வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திருடனுக்கு வேறு கருவி தேவையில்லை. உங்கள் கருவியை வைத்தே உங்கள் விரலைப்போல அழுத்துவான். வங்கியின் கணினிக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தெரியும்.

வந்த செய்தியை இன்னொரு கைப்பேசியால் படமெடுத்து வைத்துக்கொண்டு போலீஸ் புகார் செய்யுங்கள். புகார் முடியும்வரை கைப்பேசியில் எதையும் அழிக்க வேண்டாம். அதன் பிறகு புகைப்படங்களை மட்டும் கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். செயலியை நீக்கினால் போதாதா என்றால், போதாது. சின்னத்தை மறைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவையும் உண்டு. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். புலனத்தில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலைப் பார்த்துத் தெரியாதவற்றை வெளியேற்றிவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் வையுங்கள். அப்பாவின் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து பத்திரிகை வந்ததற்குக் காரணம், அவர் கைப்பேசியும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்பதுதான்.

இனி வராமல் தடுக்க ஒரு நிமிட வேலை. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ‘செயலிகள்’, அதில் ‘சிறப்பு அணுகல்’, அதில் ‘தெரியாத செயலிகளை நிறுவுதல்’ என்று போனால் ஒரு பட்டியல் வரும். புலனம், டெலிகிராம், குரோம், கோப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் அனுமதியை அணைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசிகளில் இதை நீங்களே செய்துகொடுத்துவிடுவது நல்லது.

‘நீங்கள்தானே அழுத்தினீர்கள்’ என்று வங்கி கைவிரிப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 16 முதல் பொறுப்புப் பகிர்வு விதிமுறை நடப்பில் இருக்கிறது: போலி இணையத்தள மோசடிகளில் வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் கடமையைத் தவறவிட்டிருந்தால் இழப்பை அதுவே ஏற்க வேண்டும். ஆனால் அங்கும் ஏபிகே வகை மோசடி இதில் சேராது. சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஓய்வுபெற்ற ஒருவரின் சேமிப்பு இதுவரை பணமே அனுப்பாத நான்கு கணக்குகளுக்கு நள்ளிரவில் போகிறது என்றால், அதைக் கவனிக்க வேண்டிய கணினி அப்பாவிடம் இல்லை, வங்கியிடம் இருக்கிறது.

கெப்போங் வாசகர்: 2024இல் டிஎன்எஸ் விவகாரம் ஒன்று கிளம்பி அடங்கியதே, அது என்ன? வீட்டில் 1.1.1.1 என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். வழக்கமாக அதை உங்கள் இணையச் சேவை நிறுவனமே தரும். சூதாட்டத் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் நம் நாட்டில் முடக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, கூகுளின் 8.8.8.8 ஆகியவற்றைப் போட்டுக்கொண்டவர்கள் அந்த முடக்கத்தைத் தாண்டிப் போனார்கள். ஆகவே, அங்கே போகும் கேள்விகளையும் உள்ளூர்ச் சேவைக்கே திருப்பிவிடும்படி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நிறுவனங்களைப் பணித்தது. 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் விஷயம் வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. வார இறுதிக்குள் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நிறுத்தியது சரியே. ஒருவர் வேண்டுமென்றே வேறொரு முகவரிக்கு அனுப்பும் கேள்விக்கு, அந்த முகவரியின் பெயரில் இன்னொருவர் பதில் சொல்வது ஆள்மாறாட்டம். நோக்கம் நல்லதாக இருந்தாலும் அப்படித்தான். மேலும், சூதாடுபவன் முடக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டு போய்விடுவான். அடிபடுவது, கிளை அலுவலகங்களுக்குத் தன் சொந்த டிஎன்எஸ்ஸை நம்பியிருக்கும் சின்னக் கம்பெனி.

மாற்றலாம். ஆனால் ரூட்டரில் 1.1.1.1 என்று எண்ணை மட்டும் போடுவது பாதி வேலைதான். அந்தக் கேள்விகள் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல் போகும். வழியில் யாரும் படிக்கலாம், திருப்பலாம். ஆண்ட்ராய்டில் ‘நெட்வொர்க்’ அமைப்புக்குள் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இருக்கிறது. அதில் ‘டிஎன்எஸ்’, ஒரு புள்ளி, ‘கூகுள்’ என்று ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் கொடுத்தால், கேள்விகள் மறையாக்கத்தோடு போகும். இதிலும் ஒரு தொல்லை உண்டு. விமான நிலையத்திலோ தங்கும் விடுதியிலோ இலவச வைஃபையில் இணைந்தால் உள்நுழைவுப் பக்கமே வராது, ‘இணையம் இல்லை’ என்று காட்டும். அப்போது தற்காலிகமாக ‘தானியங்கு’ என்பதற்கு மாற்றி உள்ளே போய்விட்டு, பிறகு பழையபடி வையுங்கள். இதனால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூகுளுக்குப் போனால் கூகுள் பார்க்கும். யாரை நம்புவது என்பதை மட்டும்தான் நீங்கள் மாற்றுகிறீர்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: சென்னையில் இருக்கும் மகளோடு காணொலி அழைப்பு அடிக்கடி உறைந்து போகிறது. கடலடிக் கம்பி பினாங்கில்தானே கரையேறுகிறது?

பதில்: ஆமாம். ‘பே ஆஃப் பெங்கால் கேட்வே’ என்ற கம்பி பினாங்கையும் சென்னையையும் இணைக்கிறது. நேர்கோட்டில் சுமார் 2,350 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால், போய்வர 25 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டிய தூரம். கம்பி வளைந்து போனாலும், சிங்கப்பூரைச் சுற்றிப் போனாலும், பேச்சு தடைபடும் அளவுக்கு ஆகாது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் கடலில் இல்லை, இரண்டு வீடுகளில் ஒன்றில் இருக்கிறது. அழைப்பு உறைந்ததும் உங்கள் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பேசிப் பாருங்கள். சரியானால் குற்றவாளி உங்கள் ரூட்டர். ஆகாவிட்டால் மகளை வேறு இணைப்புக்கு மாறச் சொல்லுங்கள். புலனத்தில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற பகுதியில், அழைப்புக்குக் குறைந்த தரவைப் பயன்படுத்தும் வசதியைப் போட்டால் படம் கொஞ்சம் மங்கும், பேச்சு நிற்காது.

கடலடிக் கம்பி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கடலில் உள்நாட்டுப் பணிகளை உள்ளூர்க் கப்பல்களே செய்ய வேண்டும் என்ற விதியிலிருந்து, கம்பி பழுதுபார்க்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு 2019இல் தந்த விலக்கை, உள்ளூர்க் கப்பல்களைக் காக்கிறோம் என்று 2020 நவம்பரில் ரத்து செய்தார்கள். கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் எல்லாம் ஆட்சேபித்தன. 2024 ஜூன் 1ஆம் தேதிதான் விலக்கு திரும்ப வந்தது. மூன்றரை ஆண்டுகள். கம்பி எந்த நாட்டில் கரையேற வேண்டும் என்று முதலாளிகள் முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கடலுக்கடியில் ஒருமுறை போட்ட கம்பியைக் கால் நூற்றாண்டுக்கு யாரும் நகர்த்தமாட்டார்கள்.

செராஸ் வாசகி: 500 எம்பிபிஎஸ் கட்டுகிறேன். மடிக்கணினியில் கேபிள் செருகிச் சோதித்தாலும் 94தான் வருகிறது.

பதில்: 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. எங்கேயோ 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்றோ, எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் வேலை செய்யும் கேபிளோ இருக்கிறது. முதலில் கேபிளை மாற்றுங்கள். ‘கேட் 5இ’ என்ற வகைக் கேபிள் போதும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: இடி மழைக்குப் பிறகு மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. ஃபைபருக்கு மின்னல் பாதிப்பு இல்லை என்றார்களே?

பதில்: கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, அது உண்மைதான். ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவர் மின்சாரத்தில் செருகியிருக்கிறது, லேன் கேபிள் செம்பு. மின்னல் அந்த இரண்டு வழியாக வருகிறது.

விளக்கைச் சரியாகப் பாருங்கள். சிவப்பில் மின்னுவது ‘எல்ஓஎஸ்’ என்றால் ஒளி வந்து சேரவில்லை. அது மின்னல் சேதமாக இல்லாமல், வெளியே மரக்கிளை விழுந்து இழை அறுந்ததாகவும் இருக்கலாம். சுவர்ப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய கம்பியைப் பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் நசுங்கியிருந்தால் நேராக்கி, 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளையாமல் விடுங்கள். பச்சைத் தலையுள்ள முனையைக் கழற்றி, மெதுவாக ‘கிளிக்’ என்று உட்காரும்படி திரும்பச் செருகுங்கள். முனையின் முகம் 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலத் தலைக்கான இடத்தில் செருகினால் ஒளி சிதறும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

‘பான்’ விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தும் இணையம் இல்லை என்றால், லேன் போர்ட் செத்திருக்கலாம். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எந்த விளக்கும் எரியவில்லை, அல்லது சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுகிறது என்றால் அடாப்டர்தான். பெரும்பாலும் 12 வோல்ட். புதிது வாங்கும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்ப் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

நிறுவனத்துக்கு அழைக்கும்போது எந்த விளக்கு, என்ன நிறம், மின்னுகிறதா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ‘மோடத்தை அணைத்துப் போட்டீர்களா’ என்ற பாட்டு பாதியாகக் குறையும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்துக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். இனி இடி இடித்தால் அடாப்டரை மட்டுமல்ல, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போகும் லேன் கேபிளையும் கழற்றுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: தோழி வசிக்கும் கொண்டோவில் காவலாளி மைகார்டை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். தேசியப் பதிவு விதிமுறைகளின்படி அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் பதிவதிகாரி, போலீஸ், கடமையிலிருக்கும் இராணுவத்தினர், சுங்க அதிகாரி, எழுத்துமூலம் அதிகாரம் பெற்றவர்கள் ஆகியோருக்கு உண்டு. தனியார் காவலாளி அந்தப் பட்டியலில் இல்லை. பெயரையும் காரின் எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது தோழியைக் கீழே அழையுங்கள். காவலாளியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறார், விதி போட்டது நிர்வாகக் குழு. தோழிதான் அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும். நகல் கொடுத்தே தீர வேண்டிய இடங்களில், எண்ணின் மீதே குறுக்காக ‘இன்ன காரியத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: எங்கள் ஆலயத்தின் பழைய ஆண்டு மலர்க் கோப்புகளைக் கணினியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா?

பதில்: முடியும். எழுத்து கெடவில்லை, அதைக் காட்டும் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறை பரவுவதற்கு முன்பு, ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழைப் பொருத்தினார்கள். ஆளுக்கொரு முறை. 1985இல் நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலோடு தொடங்கிய காலம் அது. பின்னர் 1999இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்ற இரண்டு குறிமுறைகளாகத் தரப்படுத்தினார்கள். திஸ்கி என்ற இன்னொரு குறிமுறை தனியாக ஓடியது.

மூலக் கோப்பை நகலெடுத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். வேர்டில் திறந்து, எழுத்தின் மீது கர்சரை வைத்தால் எழுத்துருவின் பெயர் தெரியும். எந்தக் குறிமுறை என்பதற்கு அதுவே துப்பு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அதைத் தேர்ந்து முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களும் ‘ஸ்ரீ’யும் சரியாக வந்தால் மற்றதும் வரும். பாமினி வகை எழுத்துருவில் தமிழ் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் நன்கொடையாளர்களின் ஆங்கில முகவரிகளும் மின்னஞ்சல்களும் குதறப்பட்டுவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடி, தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள். பிடிஎஃப் மட்டுமே மிஞ்சியிருந்தால், பக்கங்களைப் படமாக்கி கூகுள் டிரைவின் எழுத்துணரியில் கொடுங்கள். ‘ர’வும் கால் குறியும் அடிக்கடி மாறிப்போகும் என்பதால் மெய்ப்புப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.